வாலை மறந்த பறவைகள்

விடாமுயற்சியின் சிறப்பை எடுத்துரைக்க விழைவோர் திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தையே முதலில் நாடுவர். அது முறையே. ஆயினும் அதே பொருட்பாலில், அவ்வதிகாரத்திற்கு வெகு முன்னரே, தெரிந்துசெயல்வகை, வலியறிதல் என்னும் இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் வைத்துள்ளார் என்பதை மேடையில் நினைவூட்டுவோர் அரியர். முயல்க என்பதற்கு முன்னால் ஆராய்க, அளந்தறிக என்னும் கட்டளைகள் அந்நூலில் நிற்கின்றன. அவ்வரிசையை மனத்திற் கொண்டு, பறக்க முயன்று விழுந்த சிலரின் வரலாற்றை நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் எவரும் பறத்தலைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஒருவர் கவிஞர், ஒருவர் அகராதி ஆசிரியர், ஒருவர் மடத்துத் துறவி, ஒருவர் தையற்காரர், இருவர் மிதிவண்டிக் கடைக்காரர். ஊரார் இவர்களைப் பித்தர் என்றனர். அவ்வாறு சொன்ன ஊரார் எல்லா நேரத்திலும் தவறாகச் சொல்லிவிடவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை.

இலக்கியத்தில் பறப்பது எளிது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் செய்வித்த மயிற்பொறி, நிறைசூலியாகிய விசயையைச் சுமந்து வானில் எழுந்து சுடுகாட்டில் இறங்குகிறது. பொறியை வலப்புறம் திருகினால் ஏறும். இடப்புறம் திருகினால் இறங்கும். அதன் எடை யாது, காற்று அதனை எவ்வாறு தாங்கும் என்னும் கவலை திருத்தக்கதேவருக்கு இல்லை. காப்பியம் பாடுவோர்க்கு அக்கவலை வேண்டுவதும் இல்லை. ஆனால் சிறகைத் தம் தோளிலேயே கட்டிக்கொள்ளும் கவிஞர்க்கு அக்கவலை வேண்டும். அத்தகைய கவிஞர் ஒருவர் ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்தார்.

குர்துபாவின் கவிஞர்

அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் தென் ஸ்பெயினின் ரோந்தாப் பகுதியில் பிறந்தவர், பெர்பர் மரபினர், குர்துபா நகரில் உமையா அமீர்களின் அவைக்களத்தை அணிசெய்தவர். 887-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய முதற்பெருமை யாப்பறிவில் விளைந்தது என்பது தமிழ்த்துறையினராகிய நமக்கு உவப்பான செய்தி. அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த கலீல் இப்னு அஹ்மதின் நூல் கிழக்கிலிருந்து குர்துபாவுக்கு வந்துசேர்ந்தபோது அதன் பொருள் எவருக்கும் பிடிபடவில்லை என்றும், தனியே அமர்ந்து அதனைப் பிரித்துப் பொருள் கண்டவர் இவரே என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். யாப்பருங்கலக் காரிகையை உரையின்றி ஒருவர் கையில் கொடுத்து விளக்கச் சொன்னால் எத்தகைய இடர்ப்பாடு நேருமோ அத்தகைய இடர்ப்பாட்டை வென்றவர் எனலாம்.

யாப்போடு அவர் நிற்கவில்லை. அமீருக்காக நீர்க்கடிகாரம் ஒன்றை அமைத்தார். கல்லிலிருந்து கண்ணாடி ஆக்கும் முறையைக் குர்துபாவில் புகுத்தினார். தம் வீட்டில் ஓர் அறையை வானமாகவே சமைத்து, அதில் விண்மீனும் முகிலும் மின்னலும் காண்போர் கண்ணுக்குத் தோன்றுமாறு செய்தார். இசையிலும் வல்லவர். இத்தனை துறைகளில் ஒருவர் கைவைத்தால் ஊர் அவரை என்ன சொல்லும்? அன்றைய குர்துபாவும் அதையே சொல்லிற்று.

அவர் பறந்த செய்தியை விரிவாகத் தருபவர் அல்-மக்கரீ என்னும் வரலாற்றாசிரியர். உடலை இறகுகளால் போர்த்து, இரண்டு சிறகுகளைப் பொருத்திக்கொண்டு, உயரமான இடத்திலிருந்து இப்னு ஃபிர்னாஸ் காற்றில் பாய்ந்தார் என்றும், கணிசமான தொலைவு சென்றார் என்றும், ஆனால் இறங்கும்போது அடிபட்டார் என்றும் அவர் எழுதுகிறார். இந்நிகழ்ச்சி 875-ஐ ஒட்டி நடந்ததென்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அக்கணக்குச் சரியாயின் அப்போது அவர் அறுபதைக் கடந்தவர். நம்மில் பலர் மாடிப்படி ஏறத் தயங்கும் வயது அது.

இங்கே ஆய்வு மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அல்-மக்கரீ மறைந்த ஆண்டு 1632. நிகழ்ச்சிக்கும் அதனை எழுதியவருக்கும் இடையே ஏழரை நூற்றாண்டு இடைவெளி உள்ளது. பழைய நூல்களைப் பார்த்தே அவர் எழுதினார் என்பது மெய்யாயினும் இவ்வளவு பிற்பட்ட சான்றை மட்டும் வைத்து எதனையும் அறுதியிட இயலாது. அப்படியானால் அந்நாளைய சான்று ஏதேனும் உண்டா? உண்டு. அதுவும் ஒரு வசைக்கவி. முஃமின் இப்னு ஸயீத் என்னும் அவைக்கவிஞர் இப்னு ஃபிர்னாஸின் போட்டியாளர். அவருடைய செயற்கை வானத்தையும் எள்ளிப் பாடினார். இறகு போர்த்துப் பறக்கப் புறப்பட்டதையும் எள்ளிப் பாடினார். அந்த எள்ளல் அடிகள் பிழைத்திருப்பதனாலேதான் பறத்தல் முயற்சி பிற்காலத்தார் கட்டிய கதையன்று என்று இன்று நம்ப முடிகிறது. புகழ்ந்து பாடிய ஒரு கவி இருந்திருந்தால் அதனை மிகைக்கூற்று என்று ஒதுக்கியிருப்போம். பகைவர் பழித்தது சான்றாயிற்று. காளமேகத்தின் வசைப்பாடல்களைப் பொழுதுபோக்காக மட்டுமே படிக்கும் நமக்கு, வசையிலும் வரலாறு தங்கியிருக்கும் என்பது நல்ல பாடம்.

மீலாது விழா மேடைகளில் 'வானூர்தியைக் கண்டுபிடித்தவர் இப்னு ஃபிர்னாஸ்' என்று முழங்கக் கேட்கிறோம். அவையோர் மகிழ்கின்றனர். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும், அக்கூற்று மெய்யன்று. அவர் செய்தது சிறகு கட்டிச் சறுக்கிய ஒரு முயற்சி. இயந்திரமும் இல்லை, திருப்பும் கருவியும் இல்லை. இதேபோல் 17-ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லின் கலத்தா கோபுரத்திலிருந்து ஹெஸார்ஃபன் அஹ்மத் செலெபி என்பவர் பாஸ்பரஸ் நீரிணையைப் பறந்தே கடந்தார் என்பதும் எவ்லியா செலெபி என்னும் ஒரே பயணநூலாரின் கூற்றை மட்டுமே நம்பி நிற்பது. மனிதர் கைச்சிறகால் அத்தொலைவைக் கடத்தல் இயலாது என்பதால் வரலாற்றாசிரியர் பலர் அதனை ஐயுறுகின்றனர். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லும்போது அந்த ஒன்றும் ஐயத்திற்கு உள்ளாகிவிடுகிறது. இப்னு ஃபிர்னாஸின் பெயர் 1976-இல் நிலவின் ஒரு பெருங்குழிக்குச் சூட்டப்பட்டது. 2011-இல் குர்துபாவின் குவாதல்கிவிர் ஆற்றுப்பாலம் ஒன்றும் அவர் பெயரோடு திறக்கப்பட்டது. உள்ள பெருமையே போதுமானது.

அல்-மக்கரீயின் குறிப்பில் மேடைகளில் எவரும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இப்னு ஃபிர்னாஸ் ஏன் அடிபட்டார் என்பதற்கு அவர் காரணம் தருகிறார்: பறவைகள் இறங்கும்போது வாலின்மேல் இறங்குகின்றன என்பதை அறியாததால் அவர் வால் அமைக்க மறந்தார் என்பதே அக்காரணம். வீழ்ச்சிக்கு விதியையோ கண்ணேற்றையோ காரணமாகச் சொல்லாமல் உறுப்பு ஒன்றின் குறைவைச் சொன்ன அந்த வரி, பறந்த செய்தியைவிட எனக்கு அருமையாகத் தோன்றுகிறது. எவரோ ஒருவர் வீழ்ச்சியை நோக்கி 'ஏன்' என்று வினவியிருக்கிறார்.

அவ்விடைக்குப் பின் நடந்தது என்ன? வழங்கும் ஆண்டுகளின்படி இப்னு ஃபிர்னாஸ் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். வால் பொருத்தி மறுமுறை முயன்றதாகச் செய்தி இல்லை. அவருடைய சிறகின் நீளம், இறகைத் தாங்கிய சட்டத்தின் அமைப்பு, சறுக்கிய தொலைவின் அளவு ஆகிய எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. எள்ளிய கவி பிழைத்தது; சிறகின் அளவு பிழைக்கவில்லை.

அகராதி ஆசிரியரின் சிறகு

நூறாண்டுக்கு மேல் கடந்து, இஸ்லாமிய உலகின் மறுகோடியாகிய நைஸாபூரில் இன்னொருவர் பறக்கப் புறப்பட்டார். அவர் இஸ்மாயீல் இப்னு ஹம்மாத் அல்-ஜவ்ஹரீ. 'அஸ்-ஸிஹாஹ்' என்னும் புகழ்பெற்ற அரபு அகராதியின் ஆசிரியர். இன்றைய கஸகஸ்தானின் தென்பகுதியில் உள்ள ஃபாராபில் பிறந்த துருக்கியர். பிறமொழிக் குடியிற் பிறந்து, பக்தாதில் பயின்று, தூய வழக்கைக் கேட்டறிவதற்காகப் பாலைநிலத்து அரபுக் குடியினரிடையே அலைந்து திரிந்து, அம்மொழிக்கே அளவுகோலாகும் அகராதி செய்தவர். கேள்விப்பட்டதை எல்லாம் சேர்க்காமல், வழக்கில் உறுதியானவை என்று தாம் கண்ட சொற்களையே கொண்டார். சொற்களை வேரின் முதலெழுத்தால் அடுக்காமல் ஈற்றெழுத்தால் அடுக்கினார். இயைபு தேடும் கவிஞர்க்கு இது பெரிதும் உதவிற்று. நம் சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை முறையில் அடுக்கப்பட்டிருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தனிக்கட்டுரைக்குரிய பொருள் அது.

ஒவ்வொரு சொல்லையும் சான்று கேட்டு ஏற்ற அந்த மனிதர், இறுதியில் இரண்டு மரச்சிறகுகளைக் கயிற்றால் உடம்பில் பிணைத்துக்கொண்டு பள்ளிவாசலின் கூரைமேல் ஏறி, இதுவரை எவரும் செய்யாததைச் செய்யப்போவதாக அறிவித்துப் பாய்ந்து உயிர்நீத்தார் என்று வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய நிகழ்ச்சி இது. ஆண்டைக் குறிப்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. அவருக்குச் சித்தம் கலங்கியிருந்தது என்பாரும் உளர். இருக்கலாம். ஆயினும் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. அகராதியில் அவர் கைக்கொண்ட முறையைச் சிறகில் கைக்கொள்ளவில்லை. சொல்லுக்குச் சான்று தேடிப் பாலைவனம் வரை சென்றவர், சிறகுக்குச் சான்று தேடி ஒரு மணல்மேட்டின் மேலிருந்துகூடக் குதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவருடைய மறைவால் அகராதியும் இடர்ப்பட்டது. 'ளாத்' என்னும் எழுத்து வரையில்தான் அவர் செம்படி எழுதி முடித்திருந்தார் என்றும், எஞ்சியதை மாணவர் ஒருவர் வரைவுப்படியிலிருந்து எழுதி நிறைவாக்கியதால் அப்பகுதியில் பிழைகள் புகுந்தன என்றும் கூறுவர். பிற்கால அகராதியாளர் பலர் அப்பிழைகளைத் திருத்துவதற்கென்றே நூல் செய்தனர். அகராதியில் விழுந்த பிழையைத் திருத்தப் பரம்பரை ஒன்று இருந்தது. சிறகில் நேர்ந்த பிழையைத் திருத்த எவரும் இல்லை.

அதே காலத்தில், இவர்களைப் பற்றி ஏதும் அறியாமல், இங்கிலாந்தின் மால்ம்ஸ்பரி மடத்தில் எய்ல்மர் என்னும் இளந்துறவி கைகளிலும் கால்களிலும் சிறகுகளைக் கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து பாய்ந்தார். ஏறத்தாழ 200 மீட்டர் சென்று, காற்றின் சுழற்சியால் நிலைகுலைந்து வீழ்ந்து கால்கள் முறிந்து, வாழ்நாள் முழுதும் முடவராயினார். அம்மடத்தைச் சார்ந்த வில்லியம் என்னும் வரலாற்றாசிரியர் 12-ஆம் நூற்றாண்டில் இதனை எழுதியுள்ளார். தம் வீழ்ச்சிக்கு எய்ல்மர் சொல்லிவந்த காரணம் யாது தெரியுமா? பின்புறத்தில் வால் வைக்க மறந்துவிட்டேன் என்பதே.

குர்துபாவிலும் மால்ம்ஸ்பரியிலும் ஒரே விடை! இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாகச் சான்று இல்லை. எய்ல்மர் நெடுங்காலம் வாழ்ந்தார். 1066-இல் வானில் தோன்றிய ஹாலி வால்வெள்ளியை முதுமையில் கண்டார். வால் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கும் வாய்க்கவில்லை. இவர்களுக்கு இல்லாதிருந்தது துணிவன்று. முன்னவர் விழுந்த கணக்குப் பின்னவர் கையில் சேரவில்லை. தோல்வியை எவரும் எழுதிவைக்காத இடத்தில் ஒவ்வொருவரும் முதல் மனிதராகவே விழவேண்டியிருந்தது.

வாலின் வேலை

அறிவியல் ஆசிரியர்கள் இப்பகுதியில் என் எல்லைமீறலைப் பொறுத்துக்கொள்வார்களாக. சிறகு காற்றை ஊடறுத்துச் செல்லும்போது மேல்நோக்கிய தாங்குவிசை பிறக்கிறது. அவ்விசை செயற்படும் இடமும் உடலின் எடை செயற்படும் இடமும் ஒத்திராவிடில், முன்பகுதி மேலே தூக்கும் அல்லது கீழே கவிழும். முன்பகுதி அளவுக்கு மீறித் தூக்கினால் சிறகின்மேல் ஓடும் காற்று பிரிந்து, தாங்குவிசை திடுமெனக் குறைந்து, பறப்பவர் கல்போல் விழுவார். பின்னால் தொலைவில் அமைந்த வால் இந்தத் தூக்கலையும் கவிழ்தலையும் தடுத்து நிறுத்துகிறது. காகமோ புறாவோ இறங்குவதை மாணவர்கள் கூர்ந்து நோக்கினால், வாலை விசிறிபோல் விரித்து, உடலை நிமிர்த்தி, விரைவைக் குறைத்துக்கொண்டு காலூன்றுவதைக் காணலாம்.

ஆனால் வால் மட்டுமே விடையாகிவிடாது. சிறகை அடித்துப் பறக்க வேண்டுமாயின் மனிதரின் தசை வலிமை அதற்குப் போதாது என்பதை 1680-இல் வெளிவந்த தம் நூலில் இத்தாலியராகிய பொரெல்லி எடுத்துக்காட்டினார். வள்ளுவரின் 'வலியறிதல்' இங்கே அறிவியலாகிறது. அடிக்கும் சிறகைக் கைவிட்டு, அசையாச் சிறகில் சறுக்கும் வழியை எடுத்தவர்களே பின்னர் முன்னேறினர். அவர்களுள் தலைசிறந்தவர் ஜெர்மனியின் ஒட்டோ லிலியென்தால். தொழிற்சாலை நடத்திக்கொண்டே ஓய்வுநேரத்தில், 1891 முதல் 1896 வரை, ஏறக்குறைய 2000 முறை குன்றுகளிலிருந்து சறுக்கிப் பறந்தார். உடலை இப்படியும் அப்படியும் அசைத்தே திசையைச் சரிசெய்தார். 1896 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அவ்வசைவு போதாமற் போயிற்று. வீழ்ந்து மறுநாள் இறந்தார். ஆனால் அவர் விட்டுச்சென்றது பிணம் மட்டுமன்று. காற்றின் தாங்குவிசை பற்றிய அளவுப் பட்டியல்களையும் நூலையும் ஒளிப்படங்களையும் விட்டுச்சென்றார். இப்னு ஃபிர்னாஸுக்கு வாய்க்காதது அவருக்கு வாய்த்தது.

அதற்கு ஈராண்டு முன்பு, 1894-இல், சிகாகோவின் ஒக்டேவ் ஷனூட் என்னும் பொறியாளர் பறக்க முயன்றோரின் முயற்சிகளையெல்லாம் திரட்டி ஒரு நூலாக வெளியிட்டார். எவர் எதைச் செய்தார், எங்கே பிழைத்தது, ஏன் வீழ்ந்தார் என்று நிரல்படுத்திய நூல் அது. தோல்விகளின் நிகண்டு என்று அதனைச் சொல்லத் தோன்றுகிறது.

தையற்காரரும் மிதிவண்டிக் கடைக்காரரும்

பாரிஸ் நகரில் ஃபிரான்ஸ் ரைஷெல்ட் என்னும் தையற்காரர் இருந்தார். வானூர்தி ஓட்டிகள் விழுந்து மடிவதைக் கேட்டு மனம் வருந்தி, அவர்கள் உடையாகவே அணிந்துகொள்ளத்தக்க வான்குடை ஒன்றைத் தைக்க முற்பட்டார். நோக்கம் உயர்ந்தது; ஐயமில்லை. பொம்மைகளுக்கு அணிவித்து மாடியிலிருந்து எறிந்து பார்த்தார். உடையாக அமைத்த வடிவங்களில் பொம்மைகள் நொறுங்கின. தாமே அணிந்து குதித்தபோதும் அது பயன்படவில்லை. இத்தோல்விகளிலிருந்து அவர் பெற்ற முடிவு, உடை தவறு என்பதன்று. உயரம் போதவில்லை என்பதே. 1912 பிப்ரவரி 4-ஆம் நாள் ஈஃபெல் கோபுரத்தின் முதல் தளத்திற்கு ஏறினார். பொம்மையை எறிவதற்கென்றே இசைவு தந்ததாகக் காவல்துறையினர் பின்னர் கூறினர். நண்பர்கள் தடுத்தனர். கேளாமல், 57 மீட்டர் உயரத்திலிருந்து தாமே குதித்தார். வான்குடை விரியவில்லை. திரைப்படக் கருவி அதனைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

அவருடைய விடாமுயற்சியில் குறை சொல்ல எவருக்கும் இடமில்லை. நம் மேடைப்பேச்சின் அளவுகோலால் அளந்தால் அவருக்கு முதற்பரிசு தரவேண்டும். ஊரார் தடுத்தும் கேளாதவர், தோல்வியால் துவளாதவர், உயிரையே வைத்தவர். ஆனால் ஒவ்வொரு பொம்மையும் விழுந்து அவருக்கு ஒரு விடையைச் சொல்லிற்று. அதனை அவர் காதில் வாங்கவில்லை. பித்துக்கும் முயற்சிக்கும் உள்ள வேற்றுமை முயன்ற எண்ணிக்கையில் இல்லை என்று நான் கருதுவது இதனாலேயே.

இவருக்கு முன்னரே, அமெரிக்காவின் டேட்டன் ஊரில் மிதிவண்டிக் கடை வைத்திருந்த வில்பர் ரைட், ஓர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார் இதே வழியில் நடந்தனர். இருவரும் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்கூடப் பெறாதவர்கள். 1899 மே 30-ஆம் நாள் வில்பர், ஸ்மித்சோனியன் நிறுவனத்திற்கு மடல் எழுதிப் பறத்தல் பற்றிய நூல்களைக் கேட்டார். அம்மடலிலேயே, தாம் ஆர்வலரேயன்றிப் பித்தரல்லர் என்று தெளிவுபடுத்திக்கொள்ளவும் நேர்ந்தது. பறக்க விரும்புவோர் அன்றைக்கும் முதலில் இந்தச் சான்றிதழைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நிறுவனம் அனுப்பிய பட்டியலில் ஷனூட்டின் நூல் இருந்தது. அவர்கள் அதனைப் படித்தனர்.

1901-இல் கிட்டிஹாக் மணற்பரப்பில் அவர்கள் செய்த சறுக்குவிமானம், கணக்கிட்ட தாங்குவிசையில் மூன்றில் ஒரு பங்கையே தந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மனிதன் பறக்கப் போவதில்லை என்று அந்த ஆண்டில் தம்பியிடம் சொன்னதாக வில்பரே 1908-இல் நினைவுகூர்ந்தார். ஆயினும் அந்தத் தோல்வியை அவர்கள் மறைக்கவில்லை. 1901 செப்டம்பரில் சிகாகோவில் பொறியாளர் கூட்டத்தில் வில்பர் அதனை எடுத்துரைத்தார். பின் ஊர் திரும்பி, ஆறடி நீளமுள்ள ஒரு மரப்பெட்டியில் காற்றைச் செலுத்தி, இரம்பத் தகட்டாலும் மிதிவண்டிச் சக்கரக் கம்பியாலும் தராசு செய்து, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களை நிறுத்துப் பார்த்தனர். காற்றழுத்தத்தைக் கணக்கிட நூறாண்டுக்கு மேலாக எல்லாரும் ஐயமின்றிக் கையாண்டுவந்த 0.005 என்னும் எண்ணே தவறு என்பதும், மெய்யான மதிப்பு 0.0033-ஐ ஒட்டியது என்பதும் புலனாயின. தங்கள் சிறகைக் குறை சொல்வதற்கு முன் வாய்பாட்டை ஐயுற்ற அந்தத் துணிவு, கோபுரத்திலிருந்து குதிக்கும் துணிவைவிடச் சிறியதன்று.

1902-இல் புதிய சறுக்குவிமானத்திற்கு வால் வைத்தனர். அசையாத, நிமிர்ந்த இரட்டை வால். வால் வைத்தும் விபத்து நின்றபாடில்லை. திரும்பும்போது தாழ்ந்த சிறகின் பக்கமாகச் சரிந்து, சிறகின் நுனி மணலில் குத்தி, விமானம் அங்கேயே சுழன்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கிணறு தோண்டுதல்'. அக்டோபர் மாதத்தில் ஓரிரவு உறக்கம் வராமல் படுத்திருந்த ஓர்வில் காரணத்தைக் கண்டார். விமானம் பக்கவாட்டில் சரியும்போது அசையாத வாலில் காற்று மோதி, சுழற்சியை மேலும் மிகுவிக்கிறது. ஆகவே வால் அசைய வேண்டும். காலையில் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் மறுக்கவில்லை, அதனோடு ஒன்றைச் சேர்த்தார். சிறகை முறுக்கும் கம்பியோடு வாலின் கம்பியையும் பிணைத்துவிட்டால் இரண்டும் ஒருசேர இயங்குமே என்றார். அவ்வாறே செய்தனர். அப்பருவத்தில் நூற்றுக்கணக்கான முறை பறந்தனர். 1903 மார்ச்சில் அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இயந்திரத்திற்கு அன்று; சிறகும் வாலும் இணைந்து இயங்கும் இந்த ஆளுகை முறைக்கே. 1906 மே 22-இல் அது வழங்கப்பட்டது.

அதே 1903-இல் ஸ்மித்சோனியனின் செயலாளரும் புகழ்பெற்ற அறிஞருமான லேங்லி, போர்த்துறை தந்த 50,000 டாலர் செலவில் கட்டிய விமானம் அக்டோபர் 7-ஆம் நாளும் டிசம்பர் 8-ஆம் நாளும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. நாளிதழ்கள் அவரை எள்ளி நகையாடின. அறிஞருக்கும் ஏளனத்திலிருந்து விலக்கில்லை. ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17-இல், ரைட் உடன்பிறந்தார் ஆயிரம் டாலருக்கும் குறைந்த செலவில் செய்த விமானம் முதலில் 12 நொடி, 120 அடி பறந்தது. நான்காம் முறை 59 நொடி, 852 அடி. பின்னர்க் காற்று அதனைப் புரட்டி உடைத்துவிட்டது.

தந்தைக்கு அனுப்பிய தந்தியில் 59 நொடி என்பது 57 என்று பிழையாகச் சென்றது. டேட்டன் ஊர்ச் செய்தியாளர் ஒருவரிடம் அதனைக் காட்டியபோது, 57 நிமிடமாக இருந்தால் செய்தியாகும் என்றாராம். உடன்பிறந்தார் அடுத்த ஆண்டு ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலத்தில், மாடுகளை ஓரமாக ஓட்டிவிட்டு, புதிய விமானத்தோடு மறுபடி விழுவதும் எழுவதுமாக இருந்தனர். 1904 செப்டம்பர் 20-ஆம் நாள் முதன்முறையாக ஒரு முழு வட்டம் சுற்றி வந்தனர். அதனைக் கண்ணால் கண்டு முதன்முதலில் விரிவாக எழுதியவர் ஏமஸ் ரூட் என்னும் தேனீ வளர்ப்பாளர். அவர் தமது தேனீ வளர்ப்பு இதழிலேயே, தேன்கூடு பற்றிய குறிப்புகளுக்கு நடுவே, 1905 ஜனவரி முதல் நாள் அச்செய்தியை வெளியிட்டார்.